சோடா மிஷினைத் தட்டின கை

தட்டுங்க டீச்சர், பரவால்லீங்க. நான் திரும்பிப் பாத்ததும் கையை எடுத்துட்டீங்க. தட்டினா பிரிட்ஜ் கெடாதுங்க. இருவத்தாறு வருசமா இந்தத் தொழில் பண்றன், கையால தட்டி ஒரு கம்ப்ரசர் கெட்டு நான் பாத்ததில்லீங்க. உள்ள எதோ ஒண்ணு லூசாகியிருக்கும். நீங்க தட்டறப்ப அது கொஞ்சம் நகந்து உக்காரும், சத்தம் நிக்கும். கெட்டுப்போனதாலதான் நீங்க தட்டவே ஆரம்பிச்சீங்க. எந்த ஊட்டுக்குப் போனாலும் மொதல்ல இதைச் சொல்லிட்டுத்தானுங்க ஸ்பேனரைக் கையில எடுக்கறது. சொல்ல வேண்டிய எடம்னு ஒண்ணு இருந்துச்சு. அங்க சொல்லாம உட்டுட்டனுங்க.

இந்த டார்ச்சைச் சித்த புடிங்க. பின்னாடி, கீழ. ஆங், அப்படியே வெச்சிருங்க.

பல்லடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மில்லுங்க. பேரு வேண்டாங்க, இன்னும் அங்க எனக்கு வேலை இருக்குது. ஆபீசு ஏசி, தண்ணி கூலர் எல்லாம் நாந்தான் பாக்கறன். அந்த மில்லு கேன்டீன்ல ஒரு சோடா மிஷின் இருந்துச்சுங்க. செவப்புக் கலர்ல ஆள் ஒசரத்துக்கு நிக்கும். கோயமுத்தூர்ல ஏதோ கம்பெனியை மூடினப்ப மொதலாளி பையன் ஏலத்துல எடுத்துட்டு வந்தது. ஷிப்டுக்கு ஒரு பித்தளை டோக்கன் குடுப்பாங்க. டோக்கனைப் போட்டு பொத்தானை அமுக்கினா பன்னீர் சோடாவோ லெமன் சோடாவோ ஜில்லுனு உருண்டு வந்து விழும். ஸ்பின்னிங்ல எட்டு மணி நேரம் நின்னுட்டு, தலை பூரா பஞ்சோட வர்ற புள்ளைங்களுக்கு அதைவிட என்னங்க வேணும். சித்திரை மாசத்துல அந்த மிஷின் முன்னால வரிசையில நிப்பாங்க.

அதைப் பாத்துக்கிட்டது மயிலாத்தான்னு ஒரு அம்மிணிங்க. டம்ளர் கழுவறது, மேசை தொடைக்கறது, மிஷின்ல பாட்டில் அடுக்கறது, எல்லாம் அவதான். பதினோரு வருசம். காண்ட்ராக்டுதான், ஆனா ஒருநா லேட்டா வந்ததில்லைன்னு மத்தவங்க சொல்லுவாங்க. என்னை 'ங்ணா'ன்னு கூப்புடுவா. நான் எந்த வேலையா மில்லுக்குப் போனாலும் டீ கொண்டாந்து வெச்சுட்டுத்தான் அந்தப் பக்கம் போவா.

நாலு வருசத்துக்கு முன்னால அந்த மிஷின்ல கம்ப்ரசர் போயிருச்சு. அந்த மாதிரி மிஷின்ல குளிர வெக்கற செட்டு பூராவும் அடியில ஒரு தட்டுல இருக்கும், ட்ராயராட்டம் வெளிய இழுத்துக்கலாம். இழுத்துப் பாத்தா, கம்ப்ரசருக்குக் கீழ நாலு மூலைக்கும் இருக்கற ரப்பர் புஷ்ஷு பூரா தாராட்டம் உருகிக் கெடக்குது. புதுக் கம்ப்ரசர் கொண்டு போயிருந்தன், புஷ்ஷு கொண்டு போகலீங்க. அன்னிக்குச் சனிக்கெழம பொழுதோட. மறுநாள் வடக்க இருந்து நூலு வாங்கற பார்ட்டி வர்றாங்க, மிஷின் ஓடியே ஆகோணும்னு மேனேஜர் நிக்கறாரு. தரணிபதின்னு பேரு. அவரு நின்னாலே நமக்குக் கை ஓடாதுங்க.

மயிலாத்தா பாத்துட்டே இருந்தா. "ரப்பர்தானுங்களா வேணும்?"ன்னு கேட்டுட்டு, கால்ல போட்டிருந்த செருப்பு ஒண்ணைக் கழட்டிக் குடுத்தா. நீலக் கலர் ஹவாய் செருப்பு. வாரு பிஞ்சு போயி ஊக்கு போட்டு மாட்டியிருந்தா. "இது எப்படியும் தூக்கி வீசறதுதானுங்ணா, அறுத்துக்குங்க"ன்னா. நாலு துண்டு வட்டமா அறுத்து, நடுவுல ஓட்டை போட்டு, அடியில குடுத்து முடுக்கினன். மிஷின் பூனையாட்டம் ஓடுச்சு. அவ வெறுங்கால்ல ஊட்டுக்குப் போனா.

எங்க தொழில்ல இது எல்லாரும் பண்றதுதானுங்க. பண்ணாதவன் ஒருத்தனைக் காட்டுங்க. ஆனா ஒரு வாரம், பத்து நாள்ல போய் நல்ல புஷ்ஷா மாத்திரோணும். செருப்பு ரப்பர் சூடு தாங்காது, அமுங்கிப் போயிரும். மாத்தறன்னு அவகிட்டயே சொல்லிட்டுத்தானுங்க வந்தன்.

மாத்தல.

மறதிதானுங்க, வேறென்ன. நமக்கு ஒரு ஊடா ரெண்டு ஊடா. ஒவ்வொருக்கா போறப்பவும் அவ நாவகப்படுத்துவா. "ங்ணா, செருப்பு அப்படியே இருக்குதுங்களா?"ன்னு கேட்டுட்டு சிரிப்பா. நாலஞ்சு தடவை ஆச்சு. எனக்குக் கொஞ்சம் கடுப்பாயிருச்சு, டீச்சர், பொய் எதுக்குச் சொல்றது. வேலை தெரிஞ்சவங்கிட்ட டம்ளர் கழுவறவ வந்து நாவகப்படுத்தற மாதிரி இருந்துச்சு. ஒருநா அவ வாயைத் தொறக்கறதுக்கு முன்னாலயே, "மாத்தியாச்சு அம்மிணி"ன்னுட்டன். "எப்பங்ணா?"ன்னா. "நீ நோம்பிக்கு ஊருக்குப் போயிருந்தயே, அப்ப"ன்னன். "நல்லதாப் போச்சுங்ணா"ன்னு போயிட்டா. அதுக்கப்பறம் கேக்கவே இல்லை.

இங்க பாருங்க, உங்க பிரிட்ஜுல இந்தப் பைப்பு பின்னாடி இருக்கற அந்தக் கம்பி ஜாலியில மோதுது. இவ்வளவுதானுங்க வெசயம். வளைச்சு உட்டா முடிஞ்சுது. இருங்க, மத்ததையும் பாத்துர்றன்.

போன சித்திரையில அந்த மிஷின் சத்தம் போட ஆரம்பிச்சுச்சு. டர்ர்ருன்னு, தகரத்துல ஆணி போட்டு ஆட்டற மாதிரி. செவுத்துக்கு அந்தப் பக்கம் மேனேஜர் ரூமு. அவரு போன்ல பேசறப்பெல்லாம் இது டர்ருங்குது. மயிலாத்தா என்ன பண்ணியிருக்கறா, தட்டித் தட்டிப் பாத்து ஒரு எடத்தைக் கண்டுபுடிச்சிருக்கறா. எடது பக்கம், கீழ் மூலைக்கு ஒரு சாண் மேல. அங்க உள்ளங்கையில ஒண்ணு வெச்சா ஒரு மணி நேரம் சத்தம் வராது. மேனேஜருக்குத் தொந்தரவா இருக்கக் கூடாதேன்னு மணிக்கு ஒருக்கா வந்து தட்டிட்டுப் போயிருக்கறா. யாரும் சொல்லல, அவளாப் பண்ணினது. நெசத்தைச் சொல்லோணும்னா டீச்சர், சரியான எடங்க அது. எனக்கே அந்த எடத்தைக் கண்டுபுடிக்க நேரமாயிருக்கும்.

கேன்டீன்ல கேமரா இருக்குது. மேனேஜர் அதுல பாத்துட்டாரு. ஒரு நாளைக்கு ஒம்பது தடவை மிஷினை அடிக்கறா. என்னைக் கூப்புட்டு உட்டாரு.

என்ற காதைப் பத்தி நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க, அதனாலதான கூப்புட்டீங்க. குழந்தைவேலு காதை வெச்சான்னா கழட்டாமயே சொல்லிருவான்னு பேரு. அன்னிக்கும் காதை வெச்சனுங்க. வெச்சதுமே தெரிஞ்சு போச்சு. அடியில புஷ்ஷே இல்லாத மாதிரி கம்ப்ரசர் காலு தட்டுல இடிக்குது. வேற மாதிரி இருக்கக் கூடாதான்னு நெனச்சுட்டே இழுத்துப் பாத்தன். நாலு துண்டும் அப்பளமா அமுங்கிக் கெடக்குது. ஓரத்துல நீலக் கலரு தெரியுது.

இன்னொண்ணும் பாத்தனுங்க. கண்டன்சருன்னு ஒரு ஜாலி இருக்கும், சூட்டை வெளிய தள்றது. மில்லுல எந்த மிஷினைத் தொறந்தாலும் அதுல பஞ்சு மெத்தையாட்டம் அடைச்சுட்டு இருக்கும். இதுல ஒரு இணுக்குப் பஞ்சு இல்லை. தெனமும் யாரோ வெளக்குமாத்துக் குச்சியில கோதி எடுத்திருக்கறாங்க. யாருன்னு நான் கேக்கலீங்க, கேக்கவும் வேண்டியதில்லை.

அந்த நேரம் பாத்து மேனேஜர் வந்துட்டாரு. பின்னால மயிலாத்தா. ஈரக் கையை முந்தானையில தொடைச்சுட்டே நிக்கறா.

"ஏம்ப்பா குழந்தைவேலு, மிஷினை இப்படி அடிச்சா கெடுமா, கெடாதா?"ன்னு கேட்டாரு.

"கெடுமுங்க"ன்னன்.

அவ்வளவுதான் டீச்சர். ஒத்த வார்த்தை. இவ அடிச்சதாலதான் கெட்டுதான்னு அவரு கேக்கலீங்க. பொதுவாக் கேட்டாரு, பொதுவாச் சொன்னன். சம்மட்டியில அடிச்சா கெடாதா? கெடுமில்ல? நான் பொய் சொல்லலீங்க. ஆனா அந்த நாலு துண்டையும் எடுத்து, அவங்க பாக்கறதுக்கு முன்னால பேன்ட் பாக்கெட்டுல போட்டிருந்தன். அதை எதுக்குப் பண்ணினன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலீங்க.

மயிலாத்தா என்ற மொகத்தைப் பாத்தா, அப்பறம் அவ கையைப் பாத்தா.

அன்னிக்கு நான் செஞ்ச வேலை மாதிரி என்ற ஆயுசுல செஞ்சதில்லீங்க. புதுப் புஷ்ஷு நாலு, பைப்புக்கு ஃபெல்ட்டுத் துணி, ஃபேன் றெக்கைக்குப் பேலன்ஸு. எல்லாம் முடிச்சு மிஷின் தலை மேல ஒரு டம்ளர் தண்ணி வெச்சன். தண்ணி அலுங்கலை. மேனேஜர் தோள்ல தட்டி, "இதான் வேலை"ன்னாரு. அந்தப் பொம்பளையை நாளையில இருந்து வர வேண்டாம்னு சொல்லிட்டாருன்னு எனக்கு அடுத்த வாரம்தாங்க தெரியும். தெரிஞ்சு போயி நிக்கறன், கேன்டீன்ல இருக்கற அத்தனை பேரும் அதையேதான் சொல்றாங்க. பாருங்க, அவ போன அன்னிக்கு இருந்து சத்தமே இல்லைன்னு. நான் அவ்வளவு சுத்தமாப் பண்ணியிருக்கக் கூடாதுங்க. கொஞ்சமாச்சும் சத்தம் உட்டு வெச்சிருந்தா அவ மேல பழி நின்னிருக்காது.

அப்பறம் கேளுங்க. அவளுக்குப் பதிலா வந்த ஆளு பஞ்சு கோதறதெல்லாம் பண்ணலை. ஐப்பசிக்குள்ள அடைச்சு, கம்ப்ரசர் சூடேறி எரிஞ்சு போச்சு. மேனேஜர் என்ன சொன்னாருன்னு நெனைக்கறீங்க? "அந்தப் பொம்பள அடிச்ச அடி, இப்பத்தான் வேலையைக் காட்டுது." நான் பக்கத்துல நிக்கறன். "பழைய மிஷினுங்க"ன்னன். பழசுதானுங்களே. மிஷின் காயலான் கடைக்குப் போயிருச்சு. சோடாவும் போச்சு. அந்தப் புள்ளைங்க மயிலாத்தா பேரைச் சொல்லித் திட்டுது.

சொல்லலாம்னு போகாம இல்லீங்க. ரெண்டு தடவை போனன். ஒருக்கா மேனேஜருக்குச் சளி, மூக்கைச் சீந்திட்டு இருந்தாரு. அந்த நேரத்துல எப்படிங்க செருப்புக் கதையைச் சொல்றது. இன்னொருக்கா நான் வாயைத் தொறக்கறதுக்கு முன்னாலயே, "வாப்பா, உன்னையத்தான் நெனச்சன். நம்பிக் கையில குடுக்கற மாதிரி ஒருத்தன் இருக்கறான்னா அது நீதான்"னாரு. மொதலாளி பையன் ரூமு ஏசியைக் கழட்டி மாட்டோணுமாம். அப்பறம் எங்க சொல்றது? செருப்பைப் போட்டு ஓட்டினன்னு நான் சொல்லி, அந்த மனுசன் மொகம் மாறுறதைப் பாக்க எனக்குத் தைரியம் வல்லீங்க. வேலை போயிருமுன்னு பயம் இல்லை. இருக்குது, இல்லைங்கல. அதைவிட அந்த மொகந்தான்.

மயிலாத்தா சின்ன வெங்காயம் புடுங்கப் போறா. அவளுக்கு முட்டி வலி, குனிஞ்சு வேலை ஆகாது. ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல சமையக்கட்டுக்கு ஆள் வேணும்னு கேட்டுப் போயிருக்கறா. முன்னால எங்க இருந்தன்னு கேட்டு மில்லுக்குப் போன் போட்டிருக்கறாங்க. போன்ல என்ன சொல்லியிருப்பாங்க? சாமானை ஒடைக்கற பொம்பளைன்னு. இதை அவ சொல்லித் தெரியலீங்க, சந்தையில ஒரு மில்லுக்காரப் புள்ள சொல்லுச்சு. அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கலீங்க. ஊட்டுல என்ன வெசனம்னு கேட்டா, வயிறு சரியில்லைன்னுட்டன்.

அப்பறந்தான் ஒரு யோசனை வந்துச்சு. கடையில ஒரு நூத்தி அறுவத்தஞ்சு லிட்டர் பிரிட்ஜு கெடந்துச்சு. கேஸு ஏத்தி, கேஸ்கட் மாத்தி, பெயிண்ட் அடிச்சு, புத்தம் புதுசா பண்ணி, ஆட்டோவுல ஏத்திட்டு அவ ஊட்டுக்கே போனன். "மாவு ஆட்டி வித்தின்னா பொழச்சுக்கலாம் அம்மிணி, வெங்காயத்துக்குப் போக வேண்டியதில்லை"ன்னன். அவ அழுதுட்டா. எதுக்குங்ணா எனக்குன்னா. பிரிட்ஜுக்கு மஞ்சள் குங்குமம் வெச்சு, சூடம் பத்த வெச்சு, என்ற கால்ல உழ வந்துட்டா டீச்சர். நான் அக்கட்டால நகந்துட்டன். மாவு நல்லா ஓடுது இப்ப. அந்தத் தெருவு பூரா என்ற பேரைத்தான் சொல்றா. கூடப்பொறந்தவன்கூட இப்படிப் பண்ணலைங்கறா.

நான் ஒரு நல்லது பண்ணினனுங்களா இல்லியா? நீங்களே சொல்லுங்க. ஆனா அதுதான் எனக்கு வெனையாயிருச்சுங்க.

போன மாசம் அந்தப் பக்கம் போனப்ப எட்டிப் பாத்தன். மாவு வாங்க வந்த ஒரு அம்மா சும்மா பிரிட்ஜு மேல கையை ஊணி நின்னுச்சு. மயிலாத்தா பதறிப் போயி, "அக்கா, கையை எடுங்க, கையை எடுங்க"ன்னு ஓடியாந்தா. அவ அந்தப் பிரிட்ஜைத் தொறக்கறதைப் பாக்கோணுமே. கையைக் கழுவித் தொடைச்சுட்டு, ரெண்டு கையால கைப்புடியைப் புடிச்சு, தூங்கற கொழந்தையை எடுக்கற மாதிரி தொறக்கறா. மூடறப்பவும் அப்படித்தான். ஏன் அம்மிணி இப்படீன்னன். "என்ற கை ஆகாத கைங்ணா. அவ்வளவு பெரிய மிஷினையே கெடுத்துப்போட்டன். உங்க பொருளையும் கெடுத்துரக் கூடாதில்லீங்ளா"ன்னா.

சரி, இன்னிக்குச் சொல்லிரலாம்னு உக்காந்தன். "அம்மிணி, அன்னிக்கு உன்ற மேல தப்பே இல்லை. நீ தட்டினதுல ஒண்ணும் ஆகலை"ன்னன். சொல்லிட்டன் டீச்சர். வாயைத் தொறந்து சொல்லிட்டன்.

அவ சிரிச்சா. "நீங்க என்ற மனசு நோகக் கூடாதுன்னு சொல்றீங்ணா. அன்னிக்கு உங்க வாயாலதான சொன்னீங்க, கெடுமுன்னு. வேலை தெரிஞ்சவரு, மொகதாட்சணியத்துக்குப் பொய் சொல்ல மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். நானும் யோசிச்சுப் பாத்தனுங்ணா. புஷ்ஷும் நீங்க மாத்தியாச்சு. அப்பறம் வேறெதுல கெடும்? என்ற கையாலதான்"ன்னா.

மாத்தலை அம்மிணின்னு சொல்லோணும். ரெண்டு வார்த்தை. சொல்லியிருந்தா அவ கை நல்ல கையா ஆயிருக்கும். என்ற வாய்ல மாவுதான் இருந்துச்சுங்க, தோசை சுட்டுக் குடுத்திருந்தா. முழுங்கிட்டு, "நல்லா இருக்குது அம்மிணி"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டன்.

ஆச்சுங்க டீச்சர், போட்டுப் பாருங்க. சத்தம் இருக்குதா? இல்லையில்ல. கொஞ்சம் முனகும், அது ஓடற சத்தம், அது இருக்கோணும். அது இல்லைன்னாத்தான் ஓடலைன்னு அர்த்தம்.

இன்னிக்குக் காலையில உங்க ஊட்டுக்குக் கெளம்பறப்ப அவ போன் பண்ணினா. கொரலே சரியில்லை. "ங்ணா, பிரிட்ஜு சத்தம் போடுதுங்ணா"ன்னா. எப்படிப் போடுதுன்னன். இருங்கன்னு போனைக் கொண்டு போயி பிரிட்ஜு கிட்ட வெச்சா. நான் காதை வெச்சுக் கேட்டன். கம்ப்ரசர் ஓடற சத்தங்க. ம்ம்ம்முன்னு, சீரா. இதே, இப்ப உங்களுது ஓடுதே, இதேதான். ஒரு குத்தமும் இல்லை. மிஷினுக்குள்ள எங்க இடிக்குதுன்னு வெளிய நின்னு உள்ளங்கையில கண்டுபுடிச்சவளுங்க அவ. நல்லா ஓடற சத்தத்தைக் கேட்டு நடுங்கறா.

"ஒண்ணுமில்லை அம்மிணி, நல்லாத்தான் ஓடுது"ன்னன். அவ நம்பலை. வந்து பாத்துட்டுப் போங்கன்னா. போனை வெக்கறதுக்கு முன்னால, மெல்ல, பக்கத்துல யாரோ நிக்கற மாதிரி கொரலை எறக்கிச் சொன்னா.

"சத்தியமா நான் கையே வெக்கலீங்ணா. மேனேஜர்கிட்டச் சொல்லிராதீங்க."